ஒருத்தருக்கு அடித்தால் அது ஷாக் இல்லை

தேவசேனா வீட்டில் விளக்குப் போட வேண்டுமென்றால் மத்து வேண்டும். கூடத்து சுவிட்சுக்கு மோர் கடையும் மத்து, சமையலறைக்கு மரக்கரண்டி, படுக்கையறைக்குக் காலமான கணவர் நாகபூஷணத்தின் குடை. மறந்துபோய் விரலால் தொட்டால் அடிக்கும். உயிரை எடுக்கிற அடி இல்லை. முழங்கை வரை ஏறி, "யாரது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிற அடி.

சித்தூரில் அந்த வீட்டைக் கட்டியவர் அவளுடைய மாமனார். நகரியில் தறி வைத்துச் சம்பாதித்து, ஊர் மெச்சக் கட்டினார். சுவர் நெடுக மரப்பட்டை அடித்து, அதன் மேல் துணி சுற்றிய வயரை ஓட விட்டார்கள். அன்றைக்கு அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்களாம். இன்றைக்குத் துணி உதிர்ந்து, உள்ளே இருந்த ரப்பர் வெடித்து, சுவரே கரண்டைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. பல்லிகூட அந்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

தேவசேனா இதற்குப் பழகியிருந்தாள். தனியாக இருப்பவர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். அமெரிக்காவிலிருந்து மகன் உதயா அந்த போனைச் செய்யாமல் இருந்திருந்தால், மத்தோடேயே காலம் தள்ளியிருப்பாள்.

"அம்மா, மே மாசம் வர்றோம். யமுனா நடக்க ஆரம்பிச்சுட்டா. கை எட்ற இடத்தையெல்லாம் தொட்டுப் பாக்கறா. வயரிங் மாத்திட்டியா?"

"மாத்திடலாம்டா."

"நைனா இருந்தப்போலருந்து இதைத்தாம்மா சொல்லிகினு இருக்கே. உன் மருமக கல்பனா பயப்படறா. மாத்தலைன்னா நாங்க திருப்பதியில ஓட்டல்ல தங்கிக்கறோம். பகல்ல வந்து உன்னைப் பாத்துட்டுப் போறோம்."

பேத்தி யமுனாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். ஒரு ராத்திரியாவது அந்தக் குழந்தை இந்த வீட்டில் தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மறுநாளே எலக்ட்ரீஷியன் கோவர்த்தனனைக் கூப்பிட்டாள். அவன் சுவரைப் பார்த்தான், மத்தைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னாம்மா, இத்தை வச்சுகினா குடித்தனம் பண்ணிகினு கீறே? மாத்தறது ஒரு வேலையே இல்ல. ஆனா கம்பத்துல லைனைக் கட் பண்ணணும். பத்ரதா ஆபீசு சர்டிபிகேட் இல்லாம இப்போ கம்பத்துல காக்கா கூட குந்த முடியாது."

பத்ரதா ஆபீஸ் என்பது புதிய காலத்தின் வரவு. நாடு கதவைத் திறந்துவிட்டபோது, கோலாவும் கேபிள் டிவியும் வந்த வழியாகவே அதுவும் வந்தது. 'க்ருஹ வித்யுத் பத்ரதா சம்ஸ்தா' என்று முழுப்பெயர். வீட்டு மின்சாரத்தில் யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்ட நிறுவனம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுழல் நாற்காலி. வாசலில், 'நீங்கள் எங்கள் தெய்வம்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'தெய்வங்கள் வரிசையில் நிற்கவும்' என்று இருந்தது.

தேவசேனா நின்றாள். முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் இந்திராணி.

"சொல்லுங்கம்மா."

"சுவிட்சுல ஷாக் அடிக்குதும்மா."

"யார் யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ரெண்டாவது ஆளு பேரு?"

"ரெண்டாவது ஆளு இல்லம்மா. நான் ஒண்டிதான் இருக்கறேன்."

இந்திராணி பேனாவைக் கீழே வைத்தாள். இரக்கத்தோடுதான் வைத்தாள்.

"ஒருத்தருக்கு அடிச்சா அது ஷாக் இல்லம்மா. உங்க உடம்பு வாகு. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு அடிச்சாத்தான் எங்க கணக்குல ஷாக். நீங்க சாரைப் பாருங்க."

சார் என்பது உதவி மேலாளர் கிரண்குமார். ஐதராபாத்தில் மேலாண்மை படித்த பிள்ளை. எழுந்து நின்று வணங்கி, "கூசோண்டி மேடம்" என்று நாற்காலி காட்டினான். இவ்வளவு மரியாதைக்குப் பிறகு காரியம் நடக்காமல் போகுமா என்று தேவசேனா நிம்மதியாக உட்கார்ந்தாள்.

"மேடம், முன்னாடியெல்லாம் ஒரு ஆளு வந்து ஷாக்குன்னு சொன்னா உடனே லைன்மேனை அனுப்பிடுவாங்க. ஊரு பூரா ஷாக்கு. அப்புறம் பாரின்லருந்து ஒரு கன்சல்டண்ட் வந்தாரு. இந்த ரெண்டு பேரு ரூலைக் கொண்டுவந்தாரு. அதே வருஷம் ஷாக்கு பாதியா கொறைஞ்சுபோச்சு." அவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். "ஒரு வயரு மாத்தலை மேடம். ஒரே ஒரு வயரு!"

"என் வீட்டுல இருக்கறதே ஒரு ஆளுதானே சார்?"

"அப்போ மீ இண்ட்லோ ஷாக் ஒச்சே சான்ஸே லேது மேடம்." உங்கள் வீட்டில் ஷாக் வர வழியே இல்லை என்று சொல்லி, அவன் கை குலுக்கினான். "கங்கிராஜுலேஷன்ஸ்."

அன்று சாயங்காலம் தேவசேனா வெகுநேரம் யோசித்துவிட்டு, வெற்றிலைபாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நல்ல காரியத்துக்கு அழைக்கப் போகிறவள் மாதிரி வீடு வீடாகப் போனாள். "நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து ஒரு தரம் சுவிட்சைப் போட்டுட்டுப் போகணும்" என்று அழைத்தாள். ஷாக் அடித்த ஆட்களை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆபீசில் நம்புவார்கள் என்பது அவள் கணக்கு.

அழைப்பு என்று ஒன்று வந்து அந்தத் தெருவுக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. எல்லாரும் வந்தார்கள். ரிடயரான டீச்சர் மனோரமா பட்டுப்புடவையில் வந்தாள். அவள் மகன் பெங்களூரில். மாங்காய்க்கூழ் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்த பச்சையப்பன் சவரம் செய்துகொண்டு வந்தார். அவர் பெண் குவைத்தில். தெருவிலேயே மூத்தவளான கங்கம்மாவை மட்டும் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தான் அந்தத் தெருவில். ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஒரு ஆளும், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஒரு மிக்ஸியும் இருந்தார்கள்.

தேவசேனா கேசரி கிண்டியிருந்தாள். தின்றுவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போய் சுவிட்சைத் தொட்டார்கள்.

"அய்யோ!" என்று மனோரமா கையை உதறினாள். "பரவால்ல தேவசேனா, உங்க வீட்டுது மெதுவாத்தான் இருக்குது. எங்க வீட்டு கிரைண்டரு வந்து பாரு. தோளு வரைக்கும் இழுக்கும்."

"கிரைண்டரு இன்னா கிரைண்டரு," என்றார் பச்சையப்பன். "எங்க வீட்டு பாத்ரூம் கொழாயைத் தொறந்து பாரு டீச்சரம்மா. தண்ணியே கடிக்கும்."

"நீங்க யாராண்டயும் சொன்னதில்லையேண்ணா?" என்றாள் தேவசேனா.

"சொல்றதுக்கு ஆளு ஏதும்மா?"

அவர் சுவிட்சைத் தொட்டபோது ஒன்றும் அடிக்கவில்லை. அவமானத்தில் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கங்கம்மாதான் கண்டுபிடித்தாள். "யோவ், கால்ல ரப்பர் செருப்பைப் போட்டுகினு தொட்டா எப்படி அடிக்கும்?" செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டார். அடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

இருட்டும் வரை யாரும் போகவில்லை. எல்லாரும் போன பிறகு, தேவசேனா கேசரித் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். இவ்வளவு தட்டுகள் இந்த வீட்டில் கழுவப்பட்டு எத்தனை காலம் ஆகிறது என்று நினைத்தபோது, ஷாக்குக்கே ஒரு நன்றி சொல்லலாம்போல் இருந்தது.

ஆனால் கிரண்குமார் ஒப்புக்கொள்ளவில்லை. தெருவே திரண்டு வந்து அவன் அறையில் நின்றது. "இவங்க யாரும் உங்க குடும்பம் இல்லையே மேடம்! ரேஷன் கார்டு வேற, வீடு வேற. இது தனித்தனி ஆளுங்களோட தனித்தனி உடம்பு வாகு" என்றான். பிறகு, அவர்கள் வயசுக்கு மதிப்புக் கொடுத்துக் குரலைத் தாழ்த்தினான். "ஒண்டியா இருக்கறவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் வழி வச்சிருக்கோம். முகபாவ ஆய்வு. நானே வர்றேன்."

சொன்னபடியே வந்தான். கூடவே ஒரு ரப்பர் பாயும் வந்தது. அதைக் கூடத்தில் விரித்து, அதன் மேல் பத்திரமாக ஏறி நின்றுகொண்டான்.

"ரூல்படி நாங்க தொடக்கூடாது மேடம். ஆபத்து. நீங்க தொடுங்க. உங்க முகத்தை நான் நோட் பண்ணிக்கறேன்."

தேவசேனா தொட்டாள். அடித்தது. அதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஆனால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து எதிரில் நிற்கிறான். தன் மகன் வயசுப் பிள்ளை. அவன் முன்னால் முகத்தைச் சுளிக்கலாமா? பழக்கம் விடவில்லை. முழங்கை வரை கரண்ட் ஏறிக்கொண்டிருக்க, அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "காபி சாப்பிடறீங்களா தம்பி?" என்றும் கேட்டாள்.

'மின் தொடர்பின்போது மனுதாரர் மகிழ்ச்சியாகக் காணப்பட்டார்' என்று அவன் எழுதிக்கொண்டான். காபி குடித்துவிட்டுத்தான் போனான். நல்ல காபி என்றும் சொன்னான்.

சித்திரை பிறந்தது. உதயா மறுபடி போன் செய்தான். "மாத்திட்டியாம்மா?"

"ஆயிகினே இருக்குதுடா."

அடுத்த வாரம் பத்ரதா ஆபீசிலிருந்து ஆள் வந்தான். சர்டிபிகேட் வந்துவிட்டது என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வந்தது அழைப்பிதழ். ஜில்லாவிலேயே செல்லத்தக்க ஷாக் புகார் ஒன்றுகூட வராத தெரு அவர்களுடையதுதானாம். 'ஷாக் இல்லாத வீதி' விருது. திருப்பதியில் விழா. தெருவின் சார்பில், மகிழ்ச்சியாகக் காணப்பட்டவர் என்ற தகுதியில், தேவசேனா வந்து கேடயத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"போகாதே" என்றாள் மனோரமா. "இது நம்மளைக் கேலி பண்ற மாதிரி இருக்குது."

"பெரிய டைரக்டர் வர்றாராம் அக்கா. நேர்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்."

திருப்பதி பஸ் புத்தலப்பட்டு ஊரைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே மாமரங்களெல்லாம் காய்த்துத் தொங்கின. குழந்தை மாம்பழம் தின்னுமா, அங்கேயெல்லாம் என்ன கொடுப்பார்கள் என்று தேவசேனா யோசித்துக்கொண்டு வந்தாள். துணைக்கு வந்த மனோரமாவும் பச்சையப்பனும் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தூங்கினார்கள்.

விழா ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் குத்துவிளக்கு, சாமி படம், மைக். டைரக்டர் ரமணய்யா பளபளக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மைக் கம்பியை இடது கையால் பிடித்தபடி பேசினார். எல்லைப்பக்கத்து ஜனங்களுக்காகத் தமிழும் கலந்து பேசினார்.

"ஷாக்குன்னா இன்னா? ஒரு அபிப்பிராயம். ஒருத்தரோட அபிப்பிராயத்துக்கெல்லாம் நாங்க வயரு மாத்திகினு இருந்தா சம்ஸ்தா இன்னாத்துக்கு ஆவும்? இந்த வீதியைப் பாருங்க. பிள்ளைங்க எல்லாம் அமெரிக்கா, குவைத்து, பெங்களூரு. வீட்டுக்கு ஒரே ஆளு. எவ்வளவு நல்ல விஷயம்! ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. எல்லா வீதியும் இந்த மாதிரி ஆயிட்டா, இந்த ஜில்லாவுல ஷாக்கே இருக்காது. அதுதான் எங்க லட்சியம்."

கைதட்டல் எழுந்தது. டைரக்டர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க ஒண்டியா கீறாங்கன்னு யாரும் நெனைக்காதீங்க. நான் கீறேன். சம்ஸ்தாவும் கஸ்டமரும், மனமந்தா ஒகே குடும்பம். ஒரே குடும்பம்!"

தேவசேனாவை மேடைக்கு அழைத்தார்கள். சாமி படமும் விளக்கும் இருக்கிற இடத்தில் செருப்போடு ஏறலாமா? படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஏறினாள். டைரக்டர் இடது கையால் பிடித்திருந்த மைக் கம்பியை விடவில்லை. வலது கையால் பித்தளைக் கேடயத்தை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

அந்த மண்டபமும் பழையது. அதன் வயரும் பழையது.

"அம்மா!" என்று டைரக்டர் அலறியது ஒலிபெருக்கியில் கேட்டது. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். கேடயம் மேடையில் உருண்டது.

தேவசேனாவுக்கும் முழங்கை வரை ஏறி இறங்கியது. எதிரே டைரக்டரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் கண்ணாடியில் இருக்கும் முகம். தனக்கு அடித்த அதே நேரத்தில் இன்னொருவருக்கும் அடித்தது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"சார், உங்களுக்கும் அடிச்சுதா?" என்று ஆவலோடு கேட்டாள். மைக் அதையும் வாங்கி மண்டபத்துக்குக் கொடுத்தது.

இல்லை என்று சொல்ல டைரக்டரால் முடியவில்லை. அவருடைய 'அம்மா' இன்னும் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்போ ரெண்டு பேருக்கு ஆயிடுச்சு சார். எனக்கு சர்டிபிகேட் கொடுத்துடுங்க. என் பேத்தி வர்றா."

முன்வரிசையிலிருந்து கிரண்குமார் எழுந்தான். "மேடம், ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருக்கணும். ரூல்."

"சார்தானே இப்போ சொன்னாரு, ஒரே குடும்பம்னு?" தேவசேனா கேலி பண்ணவில்லை. மண்டபத்தில் அந்தப் பேச்சை நிஜமாக நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் விசிலடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். டைரக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்துடுய்யா" என்றார்.

ஷாக் வாங்கியது மேடையில், சுவிட்ச் இருப்பது சித்தூரில் என்ற சின்ன வித்தியாசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ரூலில் அது இல்லை.

மறுநாள் கவுண்டரில் இந்திராணி எழுத உட்கார்ந்தாள். "குடும்பத்துல ஆளு ரெண்டு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ரமணய்யா சார். உறவு கேக்குதேம்மா. இன்னா போடறது?"

தேவசேனா யோசித்தாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

"தம்பின்னு போடும்மா" என்றாள்.

செய்தி தெருவுக்குப் போனதும் கங்கம்மாவும் பச்சையப்பனும் தங்களுக்கும் டைரக்டர் தம்பிதான் என்று மனுக் கொடுத்தார்கள். பத்ரதா ஆபீஸ் அன்றைக்கே கூடி, அதிகாரிகளை இனி யாருக்கும் உறவாகக் கொள்ளக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்த ஆபீசில் ஒரு காரியம் ஒரே நாளில் முடிந்தது அன்றைக்குத்தான். கேடயத்தை மனோரமா வீட்டில் கிரைண்டருக்கு மேலே மாட்டினார்கள்.

கோவர்த்தனன் வந்து மரப்பட்டைகளைப் பெயர்த்தான். அவை இருந்த இடத்தில் சுவரில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடின. புதுக்குழாய், புது வயர், புது சுவிட்ச். வேலை முடிந்ததும், "இப்போ தொடும்மா" என்றான். அவள் முதலில் மத்தைத் தேடினாள். பிறகு விரலால் தொட்டாள். விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"உதயா, மாத்தியாச்சுடா! நைனா ரூமுக்குக்கூட மூணு சுவிட்ச் வச்சிருக்குது" என்று போனில் கத்தினாள்.

"சூப்பர்ம்மா. ஆனா கல்பனா ஓட்டலை போன மாசமே புக் பண்ணிட்டா. இப்போ கேன்சல் பண்ண முடியாது. பரவால்ல, ஒரு நாள் பூரா உன்கூடத்தான் இருப்போம்."

வந்தார்கள். காலையில் வந்து, சாயங்காலம் அதே காரில் போனார்கள். யமுனா மாம்பழம் தின்றாள், கவுனெல்லாம் சாறு. பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, வீட்டிலிருந்த ஒவ்வொரு சுவிட்சையும் விரலால் அமுக்கினாள். விளக்கு எரிந்தால் சிரித்தாள், அணைந்தாலும் சிரித்தாள். எல்லா அறைக்கும் போய்வந்து, மறுபடியும் முதல் அறையிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அவர்கள் போன பிறகு பார்த்தால், மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை போட்டது. தேவசேனா அதை அணைக்கவில்லை. மறுநாளும் அணைக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் பத்ரதா ஆபீசிலிருந்து கணக்கெடுக்க ஒரு புதுப் பெண் வந்தாள். வெயிலில் நடந்து களைத்திருந்தாள்.

"வீட்டுல எத்தினி பேரும்மா?"

"ரெண்டு பேர்."

"இன்னொருத்தர் யாரு?"

"என் தம்பி. ரமணய்யா."

"எங்க அவரு?"

"திருப்பதி ஆபீசுக்குப் போயிருக்கான்."

"எப்போ வருவாரு?"

தேவசேனா தெருவைப் பார்த்தாள்.

"வர்றேன்னு சொல்லிட்டுத்தாம்மா எல்லாரும் போயிருக்காங்க. உள்ள வாயேன், காபி சாப்டுட்டுப் போ."

அந்தப் பெண் 'இரண்டு' என்று எழுதிக்கொண்டு, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.